பூசணம்

பங்கு போட்ட இரவில்
சுன்வா வீட்டுத் தராசின் முள்
அவள் பக்கம் ஒரு மயிரிழை சாய்ந்தது.
பதினோரு வருடம் ஆகிறது.
நான் அதை மறக்கவில்லை என்பது
அவளுக்கும் தெரியும்.

கோபன்ஹேகன் கப்பலில் வந்த ஒரே டப்பா.
வர்ஜீனியா இலையை அழுத்தி
வில்லை வில்லையாய் வெட்டியது.
மூடியைத் திறந்தபோது
காய்ந்த புல்லும் புளித்த பழமும்
யார் முதலில் என்று முண்டியடித்தன.

ருபார்ப் ஜாம் இருந்த கண்ணாடிச் சாடியை
அவள் கொதிநீரில் போட்டெடுத்தாள்,
ஒரு நாள் முழுக்கக் கவிழ்த்து வைத்தாள்.
ரப்பர் வளையம் இறுக மூடி, தேதி எழுதி
நிலவறையில்
உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பின்னால்
வெளிச்சம் எட்டாத மூலையில் வைத்துவிட்டு
மறந்துபோனாள்.
மறப்பதற்கும் ஒரு கைப்பக்குவம் வேண்டும்.

எனக்கு ஏது அது?
படகின் எஞ்சின் அறையில் வேலை.
தோல் பையில் போட்டு ஆணியில் மாட்டினேன்.
ஒரே வாரம்.
விரல் பட்டால் நொறுங்கியது.
பற்றவைத்தால் குப்பென்று எரிந்து
பழைய செய்தித்தாளின் ருசியை
நாக்கில் விட்டுப் போனது.
ஈரம் போதாது போல என்று தண்ணீர் தெளித்தேன்.
சுங்கானின் அடியில் களகளவென்று சத்தம்,
பிறகு ஆவி, பிறகு
மூன்று நாள் ஆறிய கஞ்சி.

மிச்சத்தைக் கொட்டிலில் தொங்கவிட்டேன்.
எங்கள் ஃபரோ தீவுகளில்
பலகை இடுக்கில் புகுந்து வரும் கடற்காற்று
ஆட்டுத்தொடையை
மாதக்கணக்கில் புளிக்கவைத்துப் பதமாக்கும்.
இறைச்சிக்கு நல்லது செய்த காற்று
இலைக்குச் செய்யாதா என்று கேட்டேன்.
பதில் வந்தது.
அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஒன்பதாம் குளிர்காலம்
இடுப்பு அறுவைக்கு சுன்வா டென்மார்க் போனாள்.
சாவி என்னிடம்.
தண்ணீர்க் குழாய் உறைந்ததா என்று பார்க்க இறங்கியவன்
டார்ச் வெளிச்சத்தில் சாடியைப் பார்த்தேன்.
இலை மேலெல்லாம் வெள்ளை.
ஐயோ, பூசணம்.
அவள் பார்த்து மனம் உடைவதற்குள்
பாறை மேல் ஏறி நின்று
கடலில் கொட்டினேன்.
நல்ல மனசோடுதான் கொட்டினேன்.
மயிரிழைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.
அவ்வளவாக இல்லை.

ஊன்றுகோலோடு வந்தவள் கத்தவில்லை.
விசாரித்தாள்.
"பஞ்சு மாதிரி இருந்ததா?"
இல்லை.
"ஈரத்துணி நாற்றம்?"
இல்லை, ஏதோ அத்திப்பழம் போல.
"வெளிச்சம் பட்டு மின்னியதா?"
மின்னியது. பொடித்த உப்பு மாதிரி.
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.
"பூசணம் மின்னாது, ஹானுஸ்."

சர்க்கரையோ உப்போ,
இலை ஒன்பது வருடம் இருட்டில் வேலை பார்த்து
மெல்ல மேலே அனுப்பியது.
நான் மீன்களுக்குப் படையல் வைத்துவிட்டேன்.

சாடியின் கழுத்து வளைவில்
மூன்று வில்லைகள் ஒட்டிக்கொண்டிருந்தன.
முதலாவதைத் துறைமுகத்தில் பற்றவைத்தோம்.
எங்களுக்கு முன் காற்றே அதைப் புகைத்துவிட்டது.
கிண்ணம் கையைச் சுட்டது.
வாயில் தீக்குச்சி மட்டும்.

இரண்டாவதற்கு
ஜன்னலைச் சாத்தினாள்.
எனக்கு வைத்திருந்த கருவாட்டுத் தட்டை
என் முன்னாலிருந்தே எடுத்துப்போனாள்.
வில்லையை உதிர்த்துக் காகிதத்தில் பரப்பி
கால் மணி நேரம் சும்மா விட்டாள்.
"தூங்குகிறவன் மூச்சு மாதிரி இழு."
இழுத்தேன்.
ரை ரொட்டியின் கருகிய ஓரம்.
வெயிலில் வைத்த அத்தி.
பின்னால் இன்னொன்று, நிற்காமல் போனது,
பெயர் கேட்பதற்குள்.
அப்போதுதான் கடலை நினைத்து
எனக்கு வயிறு எரிந்தது.

மூன்றாவது அவளிடம் இருக்கிறது.
எப்போது என்று கேட்டால்
வானிலை அறிக்கையைப் பெரிதாக வைக்கிறாள்.

நேற்று சமாதானமாக
என் பங்கின் மிச்சத்தைக் கொண்டுபோனேன்,
கொட்டிலில் தொங்கிய அதே பை.
முடிச்சை அவிழ்த்தாள்.
மூக்கருகே வைத்துக் கண்ணை மூடி
நிதானமாக முகர்ந்தாள்.

"உருளைக்கிழங்கு வேகவைக்கட்டுமா?" என்றாள்.